சூடேறினால் நிற்கும் பீ.எஸ்.ஏ.: 1955 ஆம் ஆண்டுப் பயண வண்டி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பழைய மோட்டார் சைக்கிளைத் திருத்த எடுப்பவர்கள் அனேகமாகப் பெயின்டில் அல்லது குரோமில் தொடங்குவார்கள். மட்டக்களப்புப் பக்கம் ஆரையம்பதியில் என் வீட்டுப் பத்தியில் (தாழ்வாரத்தில்) வைத்துத் திருத்திய இந்த பீ.எஸ்.ஏ. பி31 வண்டியின் வேலை ஒரு பழைய முறைப்பாட்டில் தொடங்கியது. "சூடேறினா நிண்டிரும், ஆறினாத்தான் எழும்பும்." வண்டியை வைத்திருந்த என் பெரியப்பாவின் காலத்தில் வீட்டார் எல்லாருக்கும் தெரிந்திருந்த குணம் அது. வண்டியின் சுபாவமே அப்படி என்று விட்டுவிட்டார்கள். உண்மையில் அது ஒரே ஓர் உறுப்பில் இருந்த பழுது. அதைப் பிடித்த விதத்தையும், பிடித்த பிறகு தூரப் பயணத்துக்கு ஏற்றபடி எதை மாற்றினேன், எதைத் தொடாமல் விட்டேன் என்பதையும் இங்கே எழுதுகிறேன். இதே வயதுள்ள வண்டிகள் எங்கள் பக்கத்து வீடுகளில் இன்னும் நெல் மூடைகளுக்குப் பின்னால் நிற்கின்றன. காபுரேட்டர் பழுது என்று நம்பிக் கைவிட்டவையும் அவற்றுக்குள் இருக்கும் என்பது என் எண்ணம்.

வண்டி

பீ.எஸ்.ஏ. என்பது பர்மிங்ஹாமில் 1861 இல் துப்பாக்கி செய்யத் தொடங்கிய கம்பனி. சாத்தி வைத்த மூன்று துப்பாக்கிகள் அதன் சின்னமானது அதனால்தான். பி31 மாதிரியை 1945 தொடக்கம் 1959 வரை செய்தார்கள். ஒற்றைச் சிலிண்டர், 71 மி.மீ. விட்டம், 88 மி.மீ. ஓட்டம், 348 சி.சி. வலு 17 குதிரை அளவுதான். இன்றைய சின்ன வண்டிகள் பல அதைத் தாண்டிவிடும். ஆனால் நீண்ட ஓட்டமும் கனத்த பிளைவீலும் இருப்பதால் என்ஜின் மெதுவாகச் சுற்றும்போதே இழுவை கிடைக்கிறது. மணிக்கு 60, 70 கிலோமீற்றரில் நாள் முழுக்க அலுக்காமல் போகும். 1954 இல் பின்பக்கம் சுவிங் ஆமும் இரண்டு ஷொக்குகளும் வந்தன. அதோடு பின்னால் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு தூரம் போகிற வண்டியாக அது முழுமை பெற்றது. எங்களுடையது 1955. காபுரேட்டர் அமால் மொனோபிளொக், மின்சாரத்துக்கு லூக்காஸ் மெக்டைனமோ. மெக்டைனமோ என்றால் பிளக்குக்கு நெருப்புக் கொடுக்கும் மெக்னீட்டோவும், அதன் முதுகில் விளக்குக்கும் பற்றரிக்கும் மின் கொடுக்கும் டைனமோவும் ஒன்றாகக் கட்டிய பெட்டி. மெக்னீட்டோவுக்குப் பற்றரி தேவையில்லை. அது தன் காந்தத்திலிருந்தே நெருப்பை உண்டாக்கும்.

1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தொடங்கி, இங்கினியாகலையில் அணை எழும்பி, வாய்க்கால்கள் வெட்டப்பட்ட காலத்தில் இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிளில் திரிந்தவர்கள் பெரும்பாலும் உத்தியோகத்தர்கள். அம்பாறை 1961 இல் தனி மாவட்டமாகும்வரை அந்த நிலமெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தில்தான் இருந்தது. பெரியப்பா நீர்ப்பாசன வேலையில் இருந்தவர். மாற்றலாகிப்போன ஒருவரிடமிருந்து இந்த வண்டியை வாங்கினார். வாய்க்கால் கட்டுகளின் மேலும், செங்கலடியிலிருந்து மகாஓயா, பிபிலை வழியாகப் பதுளைக்கு ஏறும் வீதியிலும் ஓடிய வண்டி. ஓய்வுக்குப் பிறகு கொக்கட்டிச்சோலைக்கு வந்தது. யுத்த காலத்தில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைக்குப் பெற்றோல் வருவது கட்டுப்பாட்டுக்குள் போனதும் நெல் வைக்கும் கொட்டிலில் நிறுத்தப்பட்டு, அங்கேயே நின்றுவிட்டது. அப்படி நின்றதே அதைக் காப்பாற்றியது என்றும் சொல்லலாம். 2004 இல் கடல் வந்தபோது கடல் பக்கமான எழுவான்கரையில் எத்தனையோ வண்டிகள் உப்புத் தண்ணீரில் போயின. வாவிக்கு அந்தப் பக்கம் நின்ற இதற்கு ஒன்றும் நடக்கவில்லை.

பெரியப்பாவின் மகன், எனக்கு அண்ணன், காரைதீவில் இருக்கிறார். வண்டியை என்னிடம் ஒப்படைத்தபோது அவர் கேட்டது சுருக்கமானது. "பார்வைக்கு அப்பாட வண்டியாத்தான் இருக்கணும் தம்பி. அண்ணியையும் ஏத்திக்கிட்டு பதுளைக்குப் போய் வாற மாதிரிச் செய்து தா." மண்முனையில் முன்பு பாதையில் (வண்டி ஏற்றும் மிதவையில்) ஏற்றித்தான் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. 2014 இல் பாலம் திறந்துவிட்டதால் சின்ன லொறி ஒன்றில் நேரே வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

கையில் கிடைத்த நிலை

பிஸ்டன் இறுகியிருந்தது. வயர்களை எலி கடித்திருந்தது. பெற்றோல் தாங்கிக்குள் துரு. டயர்கள் கல்லாகியிருந்தன. ஆனால் உறுப்பு எதுவும் தொலையவில்லை. அதுதான் பெரிய விஷயம். பிரேமில் வலப்பக்கக் கீழ்க்குழாய், ஒயில் பம்புக்கு இடம் விட்டு வளைந்து போகும். அந்த வளைவைப் பார்த்து, விழுந்து நெளிந்தது என்று நினைத்து நிமிர்த்தப் போனவர்கள் உண்டு. இந்த பிரேம்கள் தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வந்தன.

பெட்டிகளைக் கிளறியபோது பழைய புகையிலைத் தகரம் ஒன்று கிடைத்தது. அதற்குள் பித்தளை ஜெட்கள், காபுரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் சின்னத் துளைத் திருகுகள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு இலக்கம். இரண்டு மூன்றில் துளையை ஊசியால் அகட்டிய அடையாளமும் இருந்தது. யாரோ ஒருவர், அல்லது ஒருவருக்குப் பின் ஒருவர், இந்த வண்டியின் சூட்டுப் பழுதைக் காபுரேட்டரில் தேடியிருக்கிறார்கள் என்பதற்கு அந்தத் தகரமே சாட்சி. ஜெட்டை எத்தனை முறை மாற்றியும் பழுது போகவில்லை என்பதற்கும் அதுவே சாட்சி. அதைக் கண்ட அன்றே, காபுரேட்டரைக் கடைசியாகப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

இன்னொரு முடிவையும் ஒரு போல்ட்டைக் கழற்றும் முன்பே எடுத்தேன். திரும்ப எடுத்துப் பழையபடி பூட்ட முடியாத மாற்றம் எதையும் செய்வதில்லை. பிரேமில் வெட்டு இல்லை, வெல்டிங் இல்லை, மட்கார்டில் புதுத் துளை இல்லை. பிரேம் இலக்கமும் என்ஜின் இலக்கமும் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடி இருக்கவேண்டும் என்பது சட்டத்துக்கான காரணம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் வேறு. இன்றைக்கு நான் பூட்டும் 12 வோல்ட் பொருள் பத்து வருடத்தில் கடையில் கிடைக்காமல் போகலாம். 1955 இல் செய்த இணைப்புகள் அப்படியே இருந்தால் அடுத்துத் திருத்துகிறவருக்கு வழி இருக்கும்.

ஸ்பெனர் விஷயம்

இதைச் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். கிழக்கில் நான் பார்த்த பழைய ஆங்கில வண்டிகளில் பாதிக்கு மேல் நெட்டுத் தலை உருண்டு கிடப்பது இதனால்தான். ஜப்பான் வண்டிக்கு வாங்கிய மில்லிமீற்றர் ஸ்பெனர் இதற்குச் சரிவராது. இதில் விட்வர்த், பி.எஸ்.எஃப்., சைக்கிள் புரி என்று பழைய ஆங்கில அங்குலப் புரிகளில் மூன்று குடும்பம் கலந்து வருகிறது. கால் அங்குல விட்வர்த் என்று குறித்த ஸ்பெனரின் வாய் 0.525 அங்குலம், அதாவது 13.3 மி.மீ. 13 ஸ்பெனர் ஏறாது. 14 ஏறும், ஆனால் இறுக்கமான நெட்டில் வழுக்கித் தலையை உருட்டிவிடும். அதற்கு அடுத்த சின்ன அளவு 11.3 மி.மீ., பெரிய அளவு 15.2 மி.மீ. இரண்டும் மில்லிமீற்றர் செட்டில் இல்லை. இன்னொரு பொறி, ஸ்பெனரில் குறித்திருக்கும் எண் புரியின் விட்டமே தவிர வாயின் அகலம் அல்ல. அதனால் ஒரே ஸ்பெனரில் கால் அங்குல விட்வர்த் என்றும் 5/16 பி.எஸ்.எஃப். என்றும் சேர்த்து அடித்திருக்கும்.

புரியின் கோணமும் வேறு. விட்வர்த்தும் பி.எஸ்.எஃப்.பும் 55 பாகை, சைக்கிள் புரி 60 பாகை. கையில் அகப்பட்ட போல்ட்டை "ரெண்டு சுத்து ஏறுதே" என்று முறுக்கினால் அலுமினிய உறையின் புரி அங்கேயே அழியும். எங்கள் வண்டியில் டைமிங் உறையின் துளை இரண்டு அப்படி அழிந்திருந்தன. காத்தான்குடியில் லேத் வைத்திருக்கும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்போம்) அவற்றில் சுருள் கம்பிப் புரி போட்டுப் பழைய அளவுக்கே கொண்டுவந்தார். சந்தைகளில் பழைய இரும்போடு கிடக்கும் விட்வர்த் ஸ்பெனர்களை இப்போதும் எடை விலைக்கு வாங்கலாம். வண்டி வாங்கும் முன் அவற்றை வாங்குங்கள்.

என்ஜின்

இறுகிய பிஸ்டனுக்கு அடி வைக்கவில்லை. அசிற்றோனும் ஓட்டோமெட்டிக் கியர் ஒயிலும் பாதிக்குப் பாதி கலந்து பிளக் துளையால் விட்டு ஊறவைத்தோம். மூடிவைத்து, ஆவி பறக்கப் பறக்க மீண்டும் ஊற்றினோம். பின்சக்கரத்தை டொப் கியரில் பிடித்து மெல்ல ஆட்ட, ஒரு நாள் மயிரிழை அசைந்தது. அந்த அசைவு வந்தபிறகு பொறுமைதான் மருந்து. சிலிண்டரில் துரு தின்ற வளையம் இருந்ததால் அடுத்த ஓவர்சைஸுக்குக் குடைந்து புதுப் பிஸ்டன் போட்டோம். வால்வுக் கைட் மாற்றினோம். பிக் என்டில் ஆட்டம் இல்லை, அதைத் திறக்கவில்லை.

ஈயம் கலந்த பெற்றோல் இலங்கையில் 2002 இல் நின்றது. ஈயம் இல்லாத பெற்றோலுக்குக் கடின வால்வு சீட் போடவேண்டுமா என்று பலரும் கேட்டார்கள். இந்த வண்டியின் ஹெட் வார்ப்பிரும்பு. நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓட்டினால்தான் சீட் தேயும் ஆபத்து. 70க்கு மேல் ஓட்டப்போவதில்லை என்பதால் ஹெட்டைக் குடையாமல் விட்டோம். வால்வு இடைவெளி குளிர்ந்த என்ஜினில் மூன்று தவு (ஒரு தவு என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அது மிகச் சின்ன இடைவெளி. இறுகிவிட்டால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது. பின்னால் பழுது தேடும்போது இந்த எண் முக்கியமாகும்.

தாங்கித் துருவுக்கு மின் முறை. சலவைச் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, பற்றரி சார்ஜரின் எதிர் முனையைத் தாங்கிக்கும் நேர் முனையைத் தாங்கியில் படாமல் உள்ளே தொங்கும் இரும்புக் கம்பிக்கும் கொடுத்தோம். துரு இளகிக் கழன்று, தாங்கி உட்புறம் சாம்பல் நிறத்தில் தெளிந்தது. கம்பி வெறும் இரும்பாக இருக்கவேண்டும். எவர்சில்வர் கம்பி போட்டால் தண்ணீரில் நச்சுக் குரோமியம் சேரும். வெளிவரும் வாயு ஐதரசன் என்பதால் வெட்டவெளியில், நெருப்புக்குத் தள்ளி வைத்துத்தான் இதைச் செய்யலாம்.

பழுது

பூட்டி முடித்து உதைத்தபோது வண்டி சந்தோஷமாக எழும்பியது. ஒயில் தாங்கிக்குள் திரும்பும் குழாயில் ஒயில் துடித்துத் துடித்து விழுந்தது. களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனேன். திரும்பும் வழியில், வெயில் ஏறிய நேரம், ஒருமுறை இருமி நின்றது. உதைத்தால் அசைவே இல்லை. வேப்ப மர நிழலில் விட்டு ஒரு தேத்தண்ணி குடித்து வந்து உதைக்க, எழும்பியது. பெரியப்பா காலத்து முறைப்பாடு, வார்த்தை பிசகாமல்.

சூட்டில் மட்டும் காட்டும் பழுதுக்கு இந்த வகை வண்டியில் முக்கியமாக மூன்று இடம். ஒன்று, தாங்கி மூடியின் காற்றுத் துளை. அது அடைபட்டால் பெற்றோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நிற்கும். சற்று நேரம் விட்டால் காற்றுக் கசிந்து ஏறி மறுபடி ஓடும். "ஆறினால் எழும்பும்" என்ற பொய்த் தோற்றம் இதிலும் வரும். இரண்டு, வால்வு இடைவெளி இறுகி, சூட்டில் கொம்பிரஷன் போவது. மூன்று, மெக்னீட்டோ.

இவற்றை வீட்டில் ஆறிய வண்டியில் சோதித்தால் மூன்றும் நல்லதென்றே காட்டும். இந்த வேலையில் எனக்கு மிகப் பெரிய பாடம் சொன்னவர் லேத் காக்காதான். ஓட்டத்துக்குப் போகும்போது பிளக் ஸ்பெனரையும் இன்னொரு பிளக்கையும் கையில் கொண்டுபோகச் சொன்னார். "தம்பி, வண்டி நிண்ட இடத்துலேயே பாருங்க. ஊட்ட கொண்டு வந்து பாத்தா அது நல்ல புள்ள மாதிரித்தான் இருக்கும்."

அடுத்த முறை தாழங்குடா பக்கம் நின்றது. முதலில் தாங்கி மூடியைத் திறந்தேன்; காற்று இழுக்கும் சத்தம் இல்லை. குழாயைக் கழற்றிப் பார்த்தேன்; பெற்றோல் தாராளமாக ஓடியது. கிக்கரைக் காலால் மெல்ல அழுத்தினேன். கொம்பிரஷன் காலைத் தாங்கி நின்றது. ஆகவே வால்வும் நல்லது. பிளக்கைக் கழற்றினேன், முனை நனைந்திருந்தது. பெற்றோல் உள்ளே வந்து எரியாமல் கிடக்கிறது. மற்றப் பிளக்கை வயரில் போட்டு, உடலை ஹெட்டில் சாய்த்து, கையால் நிழல் கட்டிக்கொண்டு உதைத்தேன். ஒரு மங்கல் மஞ்சள் பொறி, அடுத்த உதைக்கு அதுவும் இல்லை. பிறகு போத்தல் தண்ணீரில் துணியை நனைத்துப் பிழிந்து, மெக்னீட்டோவின் உடலில் மட்டும் சுற்றி வைத்தேன். காபுரேட்டரில் ஒரு துளியும் படவில்லை. கொஞ்ச நேரத்தில் நீலப் பொறி திரும்பி வந்தது. வண்டி எழும்பியது.

இதை அண்ணனிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், பதுளைக்குப் போகிற வழியில் மகாஓயாவில் அப்பா எப்போதும் நிறுத்தி, வாளியில் தண்ணீர் வாங்கி என்ஜின் பக்கம் தெளிப்பாராம். என்ஜினை ஆற்றுவதாகத்தான் அவர் நினைத்திருப்பார். தண்ணீர் பட்டு வேலை செய்தது சிலிண்டருக்குப் பின்னால் இருந்த மெக்னீட்டோவில்.

மெக்னீட்டோவுக்குள்

காந்தத்துக்கு நடுவே, என்ஜினின் பாதி வேகத்தில் ஆர்மெச்சர் சுழல்கிறது. அதில் தடித்த கம்பிச் சுற்று ஒன்று, அதன் மேல் மயிர் போன்ற மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. பொயின்ட் (மின்னை இணைத்துப் பிரிக்கும் சின்ன முனைகள்) திறக்கும் கணத்தில் உள்சுற்றின் மின் அறுபட, வெளிச்சுற்றில் பிளக்கைத் தாண்டும் அழுத்தம் எழுகிறது. பொயின்ட்டில் தீப்பொறி பறக்காமல் அந்த மின்னைச் சட்டென்று நிறுத்துவது கொண்டென்சரின் வேலை. லூக்காஸ் அந்தக் கொண்டென்சரை ஆர்மெச்சரின் நுனிக்குள்ளேயே மூடி வைத்தது. வயதாக ஆக அது கசியத் தொடங்கும். சூட்டில் கசிவு கூடும். சுற்றுகளின் மேல் பூசியிருப்பது அரக்கு. அதுவும் பழசாகிச் சூட்டில் இளகும், ஈரம் குடிக்கும். எங்கள் வெயிலும் வாவிக் காற்றும் இரண்டுக்கும் எதிரி.

பொயின்ட் மூடியைக் கழற்றி, இருட்டிய பிறகு என்ஜினை ஓடவிட்டுப் பார்த்தோம். பொயின்ட்டில் நீலமாகத் தொடர்ந்து பொரிந்தது. கொண்டென்சர் போய்விட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம்.

ஆர்மெச்சரை வெளியே எடுப்பதில் ஒரு வரிசை இருக்கிறது. பக்கத்தில் உள்ள பாதுகாப்புப் பொறித் திருகையும், பிளக் வயருக்கு மின்னை எடுக்கும் பிக்கப்பையும், பூமிப் பிரஷையும் முதலில் கழற்றவேண்டும். அவற்றை விட்டு இழுத்தால் பிக்கப் உரசி ஓடும் வளையமான ஸ்லிப் ரிங் உடையும். அதுதான் கிடைப்பதற்கு அரிய உறுப்பு. ஆர்மெச்சர் வெளியே வந்ததும் காந்தத்தின் இரண்டு முனைக்கும் குறுக்கே இரும்புத் துண்டு ஒன்றை வைத்தோம். வெறுமனே விட்டால் காந்தம் பலவீனப்படும்.

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் தண்ணீர்ப் பம்பு மோட்டாருக்கு வயிண்டிங் செய்கிற நல்ல கைகள் பல உண்டு. ஆனால் மெக்னீட்டோவின் வெளிச்சுற்றுக் கம்பி அவ்வளவு மெல்லியது. அதற்குத் தனி இயந்திரம் வேண்டும், காற்றை உறிஞ்சிய கலத்தில் பிசின் ஏற்றவும் வேண்டும். லண்டனில் இருக்கும் மருமகன் விடுமுறைக்கு வந்து திரும்பியபோது ஆர்மெச்சரைக் கொடுத்தனுப்பினோம். அங்கே புதிதாகச் சுற்றி, அரக்குக்குப் பதில் சூட்டுக்கு இளகாத எபொக்ஸி ஏற்றி, புதுவகைக் கொண்டென்சர் பொருத்தித் திரும்பி வந்தது. மீட்டரில் வெளிச்சுற்று 5,000 ஓம் அளவு காட்டியது, குளிரிலும், வெயிலில் சீமெந்துத் தரையில் காயவைத்து எடுத்த சூட்டிலும் கிட்டத்தட்ட ஒரே எண். வெளியிலிருந்து பார்த்தால் பழைய லூக்காஸ் பெட்டிதான். பெயர்த் தகடும் அதேதான்.

பொயின்ட் இடைவெளி 12 தவு, பிளக் இடைவெளி 18 தவு. டைமிங்குக்கு சிகரெட் தாளைப் பொயின்ட்டுக்கு இடையில் பிடித்து, அது மெல்ல விடுபடும் இடத்தைப் பிஸ்டனின் நிலையோடு பொருத்துவது பழைய வழி. இன்றும் அதுவே நம்பகமானது. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. மெக்னீட்டோப் பல்சக்கரம் கூம்புத் தண்டில் இருக்கிறது. நெட்டை இறுக்கும்போது அது கொஞ்சம் திரும்பும். இறுக்கிய பிறகு தாளை மறுபடி வைத்துப் பார்க்கவேண்டும்.

பயணத்துக்கான மாற்றங்கள்

விளக்கு முதலில். டைனமோ 60 வாட், 6 வோல்ட். நேர் முனை பூமியில், அதாவது வண்டியின் உடலில். பொத்துவிலுக்கும் மொனராகலைக்கும் இடையில் லகுகல பக்கம் பொழுதுபட்டால் யானை நிற்கும் வீதி. 6 வோல்ட் மஞ்சள் வெளிச்சத்தில் அங்கே போகச் சொல்ல எனக்கு மனமில்லை. அதே டைனமோவை மின்னணு ரெகுலேற்றர் ஒன்றால் 12 வோல்ட்டுக்கு ஓடவிடலாம். 12 வோல்ட்டில் 60 வாட் என்றால் 5 ஆம்பியர். எல்.இ.டி. தலைவிளக்கு 20 வாட் அளவு என்றால் 2 ஆம்பியருக்குள் முடியும். பின்விளக்குக்கும் போன் சார்ஜ் செய்யவும் மிச்சம் இருக்கும். புது ரெகுலேற்றரைப் பழைய லூக்காஸ் ரெகுலேற்றர்ப் பெட்டிக்குள்ளேயே மறைத்தோம். பெட்டிக்குள் இருந்த பழைய பாகம் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. இன்றைய பொருட்களுக்காக எதிர் முனையைப் பூமிக்கு மாற்றினோம். அப்படி மாற்றும்போது டைனமோவுக்கும் புதுத் திசையைப் பழக்கவேண்டும். ரெகுலேற்றரைப் பிரித்துவிட்டு, பற்றரியின் நேர் முனையிலிருந்து ஒரு வயரால் டைனமோவின் ‘எஃப்’ முனையை ஒரு கணம் தொட்டு எடுத்தால் போதும். மெக்னீட்டோவை இது எதுவும் தொடாது. பற்றரி வழியில் செத்தாலும் வண்டி வீடு சேரும், இந்த அமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சீட்டுக்கு ஸ்பொஞ்ச் போடவில்லை. பழைய தட்டின் மேல் ரப்பர் ஏற்றிய தும்பை அடுக்கி, மேலே மெல்லிய படை ஒன்று மட்டும் ஸ்பொஞ்ச் வைத்து, கல்முனையில் குஷன் வேலை செய்கிற ஒருவரிடம் தைத்தோம். தும்பு வேர்வையைப் பிடித்து வைக்காது, நாள் முழுக்க இருந்தாலும் அமுங்கித் தட்டில் இடிக்காது. அண்ணிக்குப் பிடிக்க ஒரு பட்டியும் வைத்தோம்.

பெட்டிகளுக்கான சட்டத்தை பின் ஷொக்கின் மேல் போல்ட்டிலும் மட்கார்ட் தாங்கியின் இருந்த துளையிலும் பூட்டினோம். ஷொக் போல்ட்டை மட்டும் நீளமானதாக மாற்ற வேண்டியிருந்தது. பாரத்தை ஷொக்குக்கு முன்னால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளினோம். பின்னால் தொங்கும் பாரம் முன்சக்கரத்தைத் தூக்கி, வளைவில் ஆட்டும்.

டயர் தேடுவது பெரும்பாடாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். 19 அங்குல ரிம்முக்கு, ரோயல் என்ஃபீல்ட் புல்லட்டுக்கு வரும் இந்திய டயர் அப்படியே பொருந்தியது, முன்னால் 3.25, பின்னால் 3.50. பிரேக் ஷூவில் பழைய லைனிங் இருந்தால் அது அஸ்பெஸ்டஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கொம்பிரஸர் காற்றால் ஊதாமல் நனைத்துத் துடைக்கவேண்டும். புது லைனிங் ஒட்டியும் இந்த டிரம் பிரேக் இன்றைய டிஸ்க்குக்கு ஈடாகாது. அதை மாற்றுவதற்கு டிஸ்க் பூட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். முன் போர்க்கையே வெட்டவேண்டி வரும். நான் எடுத்துக்கொண்ட விதிக்குள் அது வராது. பஸ்ஸுக்குப் பின்னால் தூரம் விட்டு ஓடவேண்டியதுதான்.

பெயின்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பதிவுப் புத்தகத்தில் எழுதியிருந்த நிறத்தையே அடித்தோம். வாடை மழை முடிந்து வெயில் காய்ந்த பிறகுதான் அடித்தோம். ஈரக் காற்றில் என்.சி. (நைட்ரோசெலுலோஸ்) பெயின்ட் அடித்தால் மேலே வெள்ளை படியும்.

ஓட்டிப் பார்த்தது

முதலில் கல்முனை வரை, வெயில் உச்சத்தில், வேண்டுமென்றே. அக்கரைப்பற்றுச் சந்தியில் போகாமல் வராமல் நெரிசலில் நிற்கவிட்டோம். பிறகு திருக்கோவில், கோமாரி, பொத்துவில் என்று கரையோரமாக ஏ4 வீதியில் இறங்கினோம். ஒவ்வொரு இடத்திலும் சூட்டோடு நிறுத்தி உடனே உதைத்தோம். எழும்பியது. மெக்னீட்டோ உடலில் கை வைக்க முடியாத சூடு இருந்த நேரத்திலும் பொறி நீலமாகவே இருந்தது. தகரத்தில் இருந்த ஜெட்களுக்கு வேலை வரவில்லை. காபுரேட்டரில் இருப்பது அந்த மாதிரிக்குத் தொழிற்சாலை சொன்ன இலக்கம்.

கடைசியில் செங்கலடியிலிருந்து ஏ5. அண்ணனும் அண்ணியும் வண்டியில், நான் பின்னால் வேறு வண்டியில். மகாஓயாவில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம், தண்ணீர் தெளிக்க இல்லை. பிபிலைக்குப் பிறகு ஏற்றத்தில் மூன்றாம் கியரில், சில வளைவுகளில் இரண்டாவதில், மணிக்கு 40 அளவில் சீராக ஏறியது. ஸ்மித்ஸ் வேகமானி மைலில் காட்டும். அதன் முள் வழுக்காமல் துள்ளித் துள்ளி நகரும், அது பழுதல்ல. பதுளையில் இறங்கியதும் அண்ணன் என்ஜினை நிறுத்தினார், உடனே ஒருமுறை உதைத்தார். எழும்பியது. "அப்பா இதப் பாத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். பெற்றோல் போய்வந்த கணக்கில் லீற்றருக்கு 25 கிலோமீற்றருக்குக் குறையவில்லை.

இன்னும் இருப்பது

வாரக்கணக்கில் நின்றால் தாங்கி ஒயில் பம்பு வழியாகக் கசிந்து என்ஜின் அடிக்கு இறங்குகிறது. இந்த வகை வண்டிகளுக்குப் பொதுவான குறை. பம்புக்குப் பிறகு வரும் குண்டு வால்வின் இருக்கையைத் தேய்த்துச் சரிசெய்ததில் கசிவு குறைந்தது, நிற்கவில்லை. குழாயில் திறப்பு வால்வு பூட்டினால் நிற்கும். ஆனால் திறக்க மறந்து ஓட்டினால் என்ஜின் அன்றோடு முடியும். அதனால் பூட்டவில்லை. நெடுநாள் நின்றிருந்தால் அடி பிளக்கால் வடித்து, அதே ஒயிலைத் தாங்கியில் ஊற்றிவிட்டு உதைக்கும்படி அண்ணனுக்குச் சொல்லியிருக்கிறேன். எழும்பியதும் தாங்கி மூடியைத் திறந்து, ஒயில் திரும்பி விழுகிறதா என்று பார்ப்பது அவருக்கு இப்போது பழக்கமாகிவிட்டது.

என்ஜினிலிருந்து கிளச்சுக்குப் போகும் பிரைமரி செயினின் உறை அழுத்தித் தட்டிய தகரம். சுற்றிவரச் சின்னத் திருகுகள். அவற்றை அளவுக்கு மீறி இறுக்கி இறுக்கி, துளைகளைச் சுற்றித் தகரம் உட்குழிந்திருக்கிறது. அங்கிருந்துதான் இப்போது ஒயில் சொட்டுகிறது. அடுத்த கச்சான் காற்றுக் காலத்தில் உறையைக் கழற்றி, துளை ஓரங்களை மரக்கட்டையில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, தட்டையான கண்ணாடியில் வைத்து மட்டம் பார்த்து, புதுக் கோர்க் கேஸ்கெட் போடவேண்டும்.